சர்வர் பதில் சொல்லாவிட்டால்

இடி இடித்தால் மெயினை அணைத்துவிட வேண்டும். சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் இதை யாரும் யாருக்கும் இரண்டாவது முறை சொல்வதில்லை. வானம் ஒரு தடவை உறுமினால் போதும். வெடிமருந்து அறைகளில் இருப்பவர்கள் போட்டது போட்டபடி வெளியே வந்துவிடுவார்கள், வாட்ச்மேன் ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிடுவார். அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த ஒரே சுவிட்சுக்குக் கீழேதான் என்னுடைய சர்வரும் இருந்தது.

நான் அங்கே நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அதைத்தான் பார்க்கிறேன். வீடு விருதுநகரில். தினமும் பைக்கில் ஆமத்தூர் வழியாகப் போய் வருவேன். பில் போடுவது, லாரிக்குச் சீட்டு எடுப்பது, உள்ளே வருகிறவர்களுக்குப் பாஸ் அடிப்பது எல்லாம் நான் இழுத்துப் போட்ட ஒயரில்தான் ஓடின. மேசைகளில் இருந்த டெலிபோன்களும் அதே ஒயர்தான். பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே அணைத்து, மர அலமாரியில் வைத்து, டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதனால் உள்ளே இருப்பவனுக்கு வெளியுலகம் என்பது மேசை டெலிபோன் மட்டும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வெளி ஆள் யாரும் நெட்வொர்க்கில் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு சர்வர் வைத்திருந்தேன். கம்ப்யூட்டரோ டெலிபோனோ எதைச் செருகினாலும், நெட்வொர்க் முதலில் அந்தச் சர்வரிடம் போய், இது நம் ஆள்தானா என்று கேட்கும். ஆமாம் என்றால் உள்ளே விடும், இல்லை என்றால் வெளியே நிறுத்தும். சரி, அந்தச் சர்வரே செத்துக் கிடந்து பதிலே வராவிட்டால் என்ன செய்வது? அதை முன்கூட்டியே நாம்தான் எழுதி வைக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் தெரிந்த ஆட்களை மட்டும் ஒரு சின்னப் பாதையில் விடு என்று எழுதலாம். அல்லது ஒன்றும் எழுதாமல் விட்டுவிடலாம். ஒன்றும் எழுதாவிட்டால், சர்வர் செத்த பிறகு வருகிற எல்லோருக்கும் கதவடைப்புதான்.

நாலு வரி. இருபது நிமிட வேலை. நான் எழுதவில்லை.

ஏன் எழுதவில்லை என்று முதலாளி ஒரு முறை கேட்டார். பதில் தயாராக வைத்திருந்தேன். "போர்மேன் வரலைன்னா ரூமைத் தொறக்கக் கூடாதுல்ல முதலாளி? அதே மாதிரிதான் இதுவும். கேக்க வேண்டிய ஆள் இல்லைன்னா யாரும் உள்ள போகக் கூடாது." பட்டாசுக்காரரிடம் இதைவிட நல்ல பதிலைச் சொல்ல முடியாது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "அது சரி, அதான் பாதுகாப்பு" என்றார். மருந்து அறைக்குச் சரியான விதியை எடுத்து டெலிபோனுக்கு மாட்டிவிட்டேன் என்பது அவருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

உண்மைக் காரணம் வேறு. எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் அழகாக எழுதி வைத்தார். எழுதி முடித்த மறு மாதம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நோட்டு இருந்தால் ஆள் எதற்கு? அந்த நோட்டைப் படித்துத்தான் நானும் வேலை கற்றேன். படித்துவிட்டு, இனி எதையும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். இடி இடித்து, மெயின் அணைந்து, பேட்டரி தீர்ந்து, சர்வர் விழும்போதெல்லாம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் போய் எழுப்பிவிட்டதும் முதலாளி நாலு பேர் முன்னால், "இவர் இல்லாட்டி நம்ம கம்பெனில ஒண்ணும் நடக்காதுப்பா" என்பார். அதைக் கேட்கும்போது உச்சி குளிர்ந்துவிடும். சர்வருக்குத் தனிக் கரண்ட் லைன் கேட்டு ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். அவர் பார்க்கலாம் என்றார், நானும் அதோடு விட்டுவிட்டேன். சர்வர் அடிக்கடி விழுவது எனக்கு வசதியாக இருந்தது என்று இப்போது எழுதும்போது என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

என் அத்தா, எங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், விருதுநகர் பஜாரில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்தவர். கடைச் சாவி ஒன்று அவர் மடியில் இருக்கும், இன்னொன்று எதிர்க்கடை அண்ணாச்சியிடம் இருக்கும். அண்ணாச்சியின் சாவி ஒன்று எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். "எதிர்க்கடைக்காரர் கையில சாவியக் குடுத்துட்டுத் தூங்குறீகளே, வெளங்குமா?" என்று கேலி செய்திருக்கிறேன். "நான் விழுந்தாலும் கடை தொறக்கணும்லலே" என்பார். அவர் விழுந்த அன்றும் கடை திறந்துதான் இருந்தது. பக்கவாதம். மூன்று வாரம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொன்ன பிறகு கூடத்தில் கட்டில் போட்டோம்.

பேச்சு குழறினாலும் எனக்குப் புரியும். ஒரு நாள் தம்பியையும் அம்மாவையும் வெளியே போகச் சொல்லிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய ரொம்ப நேரம் வச்சிருக்காதீக. நேரத்தோட எடுத்துரணும். கபர்ல நீதாம்லே எறங்கணும். தம்பி பயந்தவன், அவன எறக்கிறாத."

கபர்க் குழிக்குள் இறங்கி நின்று உடலைக் கைகளில் வாங்கிப் படுக்க வைப்பது எங்களில் நெருங்கிய ஆண்கள் செய்வது. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே கபர்கள் இருக்கும் மையவாடி என்றால் ஆகாது. தாத்தாவை அடக்கிய அன்று வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று வாந்தி எடுத்தான். முப்பது வயதைத் தாண்டியும் மையவாடித் தெருப் பக்கம் போகாமல் சுற்றித்தான் போவான். "நான் எறங்குறேன்த்தா" என்றேன். அவர் கையை விடவில்லை. "சொல்லு" என்றார். "நான்தான் எறங்குவேன்" என்று மறுபடி சொன்னேன். பிறகுதான் விட்டார்.

தீபாவளிச் சீசன் உச்சத்தில் இருந்தது. ஒரு சாயங்காலம் இடியும் மழையும் சேர்ந்து கொட்டின. வழக்கம்போல மெயின் அணைந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு மேனேஜர் போன் செய்தார். கேட்டுக்கு வெளியே நின்று பேசினார், பின்னால் லாரி இரைச்சல் கேட்டது.

"தம்பி, ஒண்ணுமே ஓட மாட்டேங்குது. லோடு ஏத்துன லாரி எல்லாம் வரிசையா நிக்குது. சீட்டு இல்லாம ஒண்ணையும் வெளிய விட முடியாது. ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"அத்தாவுக்கு முடியலண்ணே."

"தெரியும் தம்பி. உங்களுக்கு எம்புட்டு நேரம் ஆகப்போவுது? அரை மணி நேரம். உங்கள விட்டா வேற யாரு இருக்கா?"

வேறு யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நான்தானே.

சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலருகே போனேன். தம்பி ஈரப் பஞ்சால் அத்தாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தான். "போகாதண்ணே. மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்றான்.

"ஒரு மாசமா அப்படித்தான இருக்கு? நான் போகலைன்னா அங்கன ஒண்ணும் நடக்காதுலே."

அத்தா கண்ணைத் திறந்தார். "எங்க?" என்பது போல உதடு அசைந்தது.

"கம்பெனிக்குத்தா. லுஹருக்குள்ள வந்துருவேன்."

லுஹர் என்றால் நடுப்பகல் தொழுகை. பாங்கு சொல்ல இன்னும் நாலு மணி நேரம் இருந்தது. அவர் என் கையைத் தேடினார். தேடினார் என்று இப்போது சொல்கிறேன். அப்போது போர்வையைத் தடவுகிறார் என்று நினைத்தேன். கம்பெனிக்கு நாலு யூனிட் உண்டு, நான் எந்த யூனிட்டுக்குப் போகிறேன் என்றுகூட வீட்டில் சொல்லாமல் பைக்கை எடுத்தேன்.

கேட்டில் போனை அணைத்துக் கொடுத்து டோக்கன் வாங்கினேன். லாரி டிரைவர்கள் கூட்டமாக நின்று என்னைப் பார்த்ததும், "ஏ, வந்துட்டாருப்பா" என்று வழிவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. அன்றும் பிடித்திருந்தது.

சர்வர் எழவில்லை. உள்ளே இருந்த டிஸ்க் போயிருந்தது. எத்தனை தடவைதான் ஒரு பொருளை ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி அணைப்பது? சரி, சர்வர் இல்லாவிட்டால் போகிறது, அந்த நாலு வரியை இப்போதாவது எழுதிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று என் லேப்டாப்பைச் செருகினேன். உள்ளே விடவில்லை. அதையும் சர்வரைக் கேட்டுத்தான் விடும். ஒயர்கள் வந்து சேரும் நெட்வொர்க் பெட்டிகளுக்குள் நேராகக் கேபிள் போட்டு நுழையப் பார்த்தேன். அதற்கும் சர்வர்தான் ஆமாம் சொல்ல வேண்டும், அப்படிப் பூட்டியவனும் நான்தான். ஆபத்துக்கு என்று தனியாக ஒரு பாஸ்வேர்டு வைத்திருந்தேன். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, இப்போது சரியாக நினைவில் வரவில்லை. மூன்று விதமாக அடித்துப் பார்த்தேன், ஆறு விதமாக அடித்துப் பார்த்தேன். நான் கட்டிய கதவு என்னைப் பார்த்து நீ யார் என்று கேட்டது.

இனி ஒரே வழிதான். ஒவ்வொரு பெட்டியாகப் போய், பின்னால் இருக்கும் பொத்தானை அமுக்கிப் பிடித்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும். ஆபீசில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று, பேக்கிங் ஷெட்டில் இரண்டு, குடோன்களில் நாலு. பட்டாசுக் கம்பெனியில் கட்டடங்கள் பக்கம் பக்கமாக இருக்காது. ஒன்று வெடித்தால் இன்னொன்று பிழைக்க வேண்டும் என்று தள்ளித் தள்ளிக் கட்டியிருப்பார்கள். மழையில் ஊறிய கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கருவேலங்காட்டு ஓரமாகப் பெட்டிக்குப் பெட்டி நடந்தேன்.

வீட்டுக்குப் பேச வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. பேசுவதென்றால் கேட்டுக்குத் திரும்பிப் போய், டோக்கனைக் கொடுத்து, போனை வாங்கி, வெளியே போய்ப் பேச வேண்டும். கால் மணி நேரம் போய்விடும். அந்தக் கால் மணி நேரத்தில் ஒரு பெட்டியை முடித்தால் அவ்வளவு சீக்கிரம் கிளம்பலாமே என்று கணக்குப் போட்டேன். வீட்டில் மேசை நம்பர் இருக்கிறது, ஏதாவது என்றால் கூப்பிடுவார்கள் என்றும் நினைத்தேன். அந்த மேசை டெலிபோன் நான் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்கிறது என்பது, அதைச் சரி செய்வதற்காகவே சேற்றில் நடந்துகொண்டிருந்த என் மூளைக்கு உறைக்கவில்லை. சத்தியமாக உறைக்கவில்லை.

ஐந்தாவது பெட்டியில் இருந்தபோது தூரத்து ஊர்ப் பள்ளிவாசலிலிருந்து பாங்குச் சத்தம் காற்றில் வந்தது. லுஹர். இன்னும் மூன்றுதான், முடித்துவிட்டுப் பறந்துவிடலாம் என்று பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். அந்த நேரத்தில் விருதுநகரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது.

கடைசிப் பெட்டியை முடித்து ஆபீசுக்கு வரும்போது மணி இரண்டரை. சர்வரையே கேட்காமல், தெரிந்த ஆட்களை உள்ளே விடு என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருந்தேன். கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மேசைகளில் டெலிபோன் விளக்குகள் பச்சையாக எரிந்தன. பில் போடும் பெண்கள் கைதட்டினார்கள். வாசலில் முதல் லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது. "நான் சொன்னேன்ல, தம்பி வந்தா நடந்துரும்னு" என்று மேனேஜர் என் தோளைத் தட்டினார்.

என் மேசை டெலிபோன் அடித்தது.

"அண்ணே" என்றான் தம்பி.

"என்னலே? அத்தா எப்படி இருக்காக?"

"எடுத்தாச்சுண்ணே."

எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கு விளக்கம் வேண்டாம், அடக்கமே முடிந்துவிட்டது. செத்துவிட்டார் என்றுகூட யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய நேரம் கடந்துபோயிருந்தது. காலை பத்து மணிக்கு முன்னாலேயே உயிர் பிரிந்துவிட்டது. பத்திலிருந்து தம்பி என் மேசை நம்பரை அடித்துக்கொண்டே இருந்திருக்கிறான், எடுத்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. நான் நாலு வரி எழுதியிருந்தால் முதல் தடவையிலேயே அது என் மேசையில் அடித்திருக்கும். யாராவது ஓடிவந்து சொல்லியிருப்பார்கள். வீட்டுக்கு முக்கால் மணி நேரப் பாதைதான்.

எப்படி பைக் ஓட்டினேன் என்று தெரியாது. தெரு முனையிலேயே துக்கத்துக்கு வந்த ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எதிர்க்கடை அண்ணாச்சி என்னைப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் தம்பி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கைலியில் முழங்கால் வரைக்கும் கரிசல் சேறு. என் பேண்ட்டிலும் அதே உயரத்துக்கு அதே சேறு. இரண்டு பேரும் ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்தோம்.

"நீயா எறங்குன?"

"வேற யாரு?"

"பயமா இருந்துச்சாலே?"

"இருந்துச்சு" என்றான். "மழைத் தண்ணி உள்ள ஊறியிருந்துச்சு. அத்தாவ ஈரத்துல படுக்க வைக்கணுமேன்னு இருந்துச்சு. வச்சுட்டேன்."

அவன் அழவில்லை. நான்தான் அழுதேன், வாசலில் நின்று, எல்லோரும் பார்க்க.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். மேசை டெலிபோனையும் யாரும் எடுக்காததால் கிளம்பி வந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள், எந்த யூனிட் என்று தெரியாததால் ஆளும் அனுப்ப முடியவில்லை. லுஹருக்குள் வருகிறேன் என்று நான்தானே சொன்னேன். தங்கச்சி மாப்பிள்ளை ஆமத்தூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் போய் நின்று, சிவகாசிப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பைக்கையும் பார்த்திருக்கிறார். பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஜனாஸாவை, அதாவது உடலை, முன்னால் வைத்த பிறகு, தொழ வைக்கும் ஹஜ்ரத் திரும்பி, "மூத்தவர் எங்க?" என்று கேட்டாராம். ஜனாஸாத் தொழுகை நடத்த வாரிசிடம் ஒப்புதல் கேட்பது முறை, அது மூத்த மகனிடம் வரும். யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் வைத்திருக்கக் கூடாது என்று அத்தாவே சொல்லியிருந்ததால், ஹஜ்ரத் தம்பியைப் பார்த்திருக்கிறார்.

"அவரு இல்லைன்னா அடுத்தது நீங்கதான். நீங்க சொன்னாப் போதும்."

"தொழ வைங்க ஹஜ்ரத்" என்று தம்பி சொன்னானாம்.

மூத்தவன் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவனைக் கேள். அதுவும் இல்லாவிட்டால் அதற்கடுத்தவனை. வேலை நிற்கக் கூடாது. எங்கள் ஜமாஅத்தில் எவ்வளவோ காலமாக இப்படித்தான் நடக்கிறது. இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன், இதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவன், தன் சர்வருக்கு அடுத்தது யார் என்று எழுதவில்லை. அத்தாவின் கபரில் மூன்று பிடி மண்ணைக்கூட நான் போடவில்லை. மறுநாள் காலையில் தனியாகப் போய் அந்த ஈர மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் இறங்கினேனா இல்லையா என்று அவருக்குத் தெரியுமா? தெரியக் கூடாது என்று ஒரு நேரம் வேண்டிக்கொள்கிறேன். தெரிந்திருந்தால் திட்டவாவது மாட்டாரா என்று ஒரு நேரம் தோன்றுகிறது.

இப்போது அந்த நாலு வரி எல்லாப் பெட்டிகளிலும் இருக்கிறது. பாஸ்வேர்டு ஓர் உறையில் போட்டு முதலாளியின் இரும்பு பீரோவில் இருக்கிறது. சர்வருக்குத் தனி லைன் வந்துவிட்டது. அதன் பிறகும் ஒரு தடவை சர்வர் விழுந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை, மறுநாள் நான் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இல்லை. தம்பி என்னோடு பேசுகிறான். சாப்பிட்டீகளா என்று கேட்கிறான். முன்பெல்லாம் என்னை நீ என்றுதான் சொல்வான், இப்போது மரியாதையாகப் பேசுகிறான். மையவாடித் தெருவைச் சுற்றிப் போவதை அவன் விட்டுவிட்டான். நான் சுற்றிப் போகிறேன்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் முதலாளியும் மேனேஜரும் துக்கம் கேட்க வந்தார்கள். அத்தாவின் கட்டில் இருந்த இடத்தில் நாற்காலி போட்டோம். முதலாளி நல்ல மனிதர், அவருக்குக் கண் கலங்கியது. எப்படி ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் தவித்தார். கதவோரத்தில் நின்றிருந்த தம்பியைப் பார்த்து, எங்களுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்துத்தான், மனமாரச் சொன்னார்:

"உங்க அண்ணன் இல்லாட்டி அன்னைக்கு ஒண்ணுமே நடந்திருக்காதுப்பா."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. "இங்கன எல்லாம் நடந்துருச்சு முதலாளி" என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு டீ எடுத்துவர உள்ளே போனான்.